தேமல் இல்லாத இரண்டு தொழுநோய்கள்

தொழுநோய் என்றதும் சுவரொட்டிகள் காட்டுவது உணர்ச்சியற்ற தேமலைத்தான். பெரும்பாலோருக்கு அது பொருந்தும். ஆனால் தேமலே வராத வகைகள் இரண்டு உண்டு. ஒன்று, இந்தியாவிலும் நேபாளத்திலும் அதிகம் தென்படும், நரம்பை மட்டும் தாக்கும் வகை. மற்றது, 1852இல் மெக்சிகோவில் லூசியோவும் அல்வராடோவும் விவரித்த, தோல் முழுவதும் பரவும் வகை.

முதல் வகையில் சுண்டுவிரல் மரத்துப்போகும். பிறகு விரல்கள் மடங்கத் தொடங்கும். தோலில் ஒன்றுமே இல்லாததால் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுப்பதிலேயே மாதங்கள் கழிந்துவிடும். முழங்கையின் உட்புறப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தால், தடித்த அல்நார் நரம்பு விரலுக்கடியில் கயிறாக உருளும். அரை நிமிட வேலைதான். சட்டைக் கையை மடிக்கச் சொல்பவர்கள்தான் குறைவு.

மெக்சிகோ வகை இதற்கு நேர் எதிர். நரம்பு வகையில் கிருமிகள் சொற்பம். உடலின் எதிர்ப்பே நரம்பைச் சிதைக்கிறது. இங்கே உடல் எதிர்ப்பதே இல்லை. கிருமிகள் தோலெங்கும் நிறைகின்றன. நோயுள்ள தோல், நோயற்ற தோல் என்ற எல்லையே இல்லாதபோது தேமல் எங்கிருந்து தெரியும்? முகத்துச் சுருக்கங்கள் மறைந்து தோல் பளபளக்கும். 'அழகான தொழுநோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புருவமும் இமைமயிரும் உதிர்வதுதான் துப்பு. சிலருக்குத் தோலின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஊதாத் திட்டுகள் எழும்பி, கருகிப் புண்ணாகும். உயிரையே பறிப்பதும் உண்டு. 1948இல் லத்தாபியும் சமோராவும் இந்தக் கருகலைத் தனியாக ஆராய்ந்து எழுதினார்கள். 2008இல் இவ்வகை நோயால் இறந்தவர்களின் திசுவில் மைக்கோபாக்டீரியம் லெப்ரோமட்டோசிஸ் என்ற தனிக் கிருமியே கண்டறியப்பட்டது.

பரிசோதனையிலும் இரண்டும் எதிரெதிர்தான். காதுமடலைக் கீறி எடுக்கும் மாதிரியில் மெக்சிகோ வகை உடனே பிடிபடும். நரம்பு வகையில் அதே சோதனை 'கிருமி இல்லை' என்றே சொல்லும். உறுதிப்படுத்த நரம்பிலிருந்தே திசு எடுக்கவேண்டும். அதனால், நம் ஊர் மருத்துவர்கள் அந்த ஒரு முடிவை வைத்துத் தொழுநோய் இல்லை என்று அனுப்பிவிடுவது ஆபத்து என்பேன்.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் கூட்டு மருந்து இரண்டிலுமே கிருமியைக் கொல்லும். ஆனால் செத்த நரம்பை அது மீட்காது. மரத்துப்போய் ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் ஸ்டீராய்டு கொடுத்து விரல்களைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது.