வலைப்பதிவில் கடை விரித்தவர்கள்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டு கரும்புக்குப் பெயர் பெற்ற ஊர். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்குதான் இருக்கிறது. நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். "சார், இணையத்தில் வியாபாரம் செய்ய எதில் தொடங்கலாம்?" என்று கேட்டு வரும் பழைய மாணவர்கள் கூடிவிட்டார்கள். வெல்லம் காய்ச்சுபவர் உண்டு, கல்வராயன் மலைத் தேனும் சாமையும் விற்பவர் உண்டு. முகநூலா, யூடியூபா, வலைப்பதிவா என்று கேட்கிறார்கள். இந்த மூன்றில் இன்று பலரும் மறந்துவிட்டது வலைப்பதிவு. அதைத் தேர்ந்தெடுத்த வணிகர்களின் வரலாறு தெரிந்தால் முடிவெடுப்பது எளிது என்பதால் இக்கட்டுரை.

வலைப்பதிவின் தொடக்கம்

இணையத்தில் தாம் படித்தவற்றைக் குறித்துவைத்த ஜார்ன் பார்கர் என்பவர் 1997 டிசம்பரில் 'வெப்லாக்' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். 1999இல் அது 'பிளாக்' என்று சுருங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறிய நிறுவனம் 'பிளாகர்' சேவையைத் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. கணினி மொழி அறியாத ஒருவர், பணம் எதுவும் கட்டாமல், தம் பெயரில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

எழுதி வாடிக்கையாளரைச் சேர்ப்பது வணிகத்துக்குப் புதிதன்று. உழவுக் கருவிகள் செய்த அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவனம் 1895இலேயே உழவர்களுக்காக 'தி ஃபர்ரோ' என்ற இதழை நடத்தியது. பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனம் 1900இல் வண்டி ஓட்டுபவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அச்சுக்கும் அஞ்சலுக்கும் செலவு செய்யப் பெரிய நிறுவனத்தால்தான் முடியும். அந்தச் செலவை வலைப்பதிவு இல்லாமல் செய்தது.

ஒரு தையற்காரர்

இதற்குச் சிறந்த உதாரணமாக நான் மாணவர்களிடம் சொல்வது தாமஸ் மஹோன் என்ற தையற்காரரின் கதையை. லண்டனில் உயர்ந்த விலைக்குக் கோட்டு தைக்கும் சாவில் ரோ தெருவில் தொழில் பழகியவர். பின்னர் வட இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் தனியாகத் தொழில் செய்தார். கைத்திறன் இருந்தும் ஊர் ஒதுக்குப்புறம். விளம்பரத் துறையில் இருந்த ஹியூ மெக்லியோட் என்ற நண்பர் சொன்னதன் பேரில் 2005 ஜனவரியில் 'இங்கிலீஷ் கட்' என்னும் வலைப்பதிவைத் தொடங்கினார்.

அதில் "என்னிடம் வாருங்கள்" என்று அவர் கூவவில்லை. துணியை எப்படி வெட்டுகிறோம், தோள்பட்டை எங்கே சரியாக உட்கார வேண்டும், ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை விலை என்றெல்லாம் எழுதினார். தொழில் ரகசியத்தை யாராவது வெளியே சொல்வார்களா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஆனால் படித்தவர்கள் யாரும் கத்தரிக்கோல் வாங்கப் போகவில்லை, அவரிடம் கோட்டு தைக்கக் கேட்டார்கள். கடல் கடந்து அமெரிக்காவிலிருந்தும் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

தமிழில் நடந்தது

தமிழில் முதல் தடையாக இருந்தது எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். தேடுபொறிக்கும் பிடிபடாது. தேடினால் கிடைக்காத பக்கத்தால் வணிகருக்கு என்ன பயன்? தமிழ் யூனிகோடில் 1991 முதலே இருந்தாலும், வீட்டுக் கணினிகளில் அது பரவலானது 2000க்குப் பிறகுதான். 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் 'தமிழ்மணம்' திரட்டியைக் காசிலிங்கம் ஆறுமுகம் 2004இல் தொடங்கினார்.

அந்த முதல் தலைமுறைப் பதிவர்களில் ஒருவர் பத்ரி சேஷாத்ரி. கிரிக்இன்ஃபோ இணையதளத்தை வளர்த்தவர்களில் ஒருவரான அவர், 2004இல் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் வழியே கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கினார். 'எண்ணங்கள்' என்ற தம் வலைப்பதிவில் கிரிக்கெட், பொருளாதாரம், அரசியல் எனப் பலவற்றோடு புத்தகத் தொழிலைப் பற்றியும் எழுதிவந்தார். அவருடைய கருத்துகளோடு உடன்படுபவரும் உண்டு, முரண்படுபவரும் உண்டு. எப்படியானாலும், பதிப்பாளர் யார், எதைப் பற்றி யோசிக்கிறார் என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்நிறுவனம் தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தது. புத்தகமே வாங்காதவர் கணினியிலும் பதிப்பகத்தின் பெயர் ஏறி உட்கார்ந்தது. நானே முதலில் தமிழில் தட்டச்சு பழகியது அதில்தான்.

வலைப்பதிவு என்றதும் விளம்பரப் பணம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2003இல் வந்தது. அது தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வருமானத்தை நம்ப வழியில்லை. விற்க ஒரு பொருளோ புத்தகமோ கைத்தொழிலோ இருந்தவருக்குத்தான் வலைப்பதிவு சோறு போட்டது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வாடகை இடம்

மாணவர்கள் யூடியூப் பக்கம் சாய்வதில் தப்பில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. எந்த வலைப்பதிவும் அந்த வேகத்தில் வளராது. சமையலைக் கண்ணால் பார்ப்பதற்கு எழுத்து ஈடாகுமா?

ஆனால் அடுத்தவர் இடத்தில் கடை போட்டால் என்ன ஆகும் என்பதும் இந்த வரலாற்றில் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. வலைப்பதிவு வாசகர்கள் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகளுக்கு அந்த ஆட்கள் போனது போனதுதான். அவர்களின் தொலைபேசி எண்கூடக் கையில் இல்லை.

பிளாகரும் ஒருவகையில் வாடகை இடம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதில் எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சொந்த முகவரி ஒன்றை ஆண்டுக் கட்டணத்துக்கு வாங்கி இணைத்துவிட்டால், நாளை வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தாலும் வாடிக்கையாளர் அதே முகவரிக்கு வருவார். வீடியோ எடுப்பவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன்: வீடியோவை அங்கே போடு, விவரத்தையும் விலையையும் உன் பக்கத்தில் எழுது.

வெல்லம் காய்ச்சும் மாணவர் முதலில் எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டார். அவரிடம் எல்லோரும் கேட்பது, "உங்க வெல்லம் ஏன் கறுப்பா இருக்கு?" என்றுதான். பாகில் ஹைட்ரோஸ் போட்டால் வெல்லம் வெளுக்கும், அவர் போடுவதில்லை. கொப்பரைப் பக்கத்தில் நின்று பத்து ஆண்டாக ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பதில் அது. அதையே முதல் பதிவாக எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.