பையில் போட்ட பானை ஓடு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கோல் நாட்டார்தான் நம் மூதாதையர் என்றது எங்கள் சரித்திரப் புத்தகம். வகுப்பில் அத்தனை தமிழ்ப் பிள்ளைகளும் அதை ஒப்பித்தோம். 1962 ஆகஸ்டு 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் ஒப்பிப்பது நிற்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் சரித்திர வாத்தியார் எங்களை அரிக்கமேட்டுக்கு நடத்திப் போனார். "தரையைப் பாருங்கள், எதையும் எடுக்காதீர்கள்" என்றார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் அது. கோல் நாட்டை வென்ற ரோமானியரின் மது ஜாடித் துண்டுகளும், இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளும் எங்கள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடைத்தன என்று சொன்னார். அன்றுதான் சரித்திரம் எங்கள் ஊருக்கும் உண்டு என்று தெரிந்தது. வாத்தியார் பேச்சை மீறி, ஒரு ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான பாலசமுத்திரத்துக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-இல் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு ஈமக்குழியில் நான்கு கால் ஜாடியில் சுமார் இரண்டு கிலோ நெல். கூடவே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணை. நெல்லைக் கரிமக் கணக்கில் சோதித்ததில் கி.மு. 490 என்று வந்தது.

பேரன் ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுகளை மனப்பாடம் செய்து அலுத்திருந்தான். புத்தகத்தை மூடச் சொல்லி, இரண்டு கிலோ நெல்லை நிறுத்து முறத்தில் கொட்டினேன். "செத்தவருக்கு இவ்வளவு நெல் எதுக்குடா?" என்றேன். யோசித்தான். "பாட்டிக்கு வாய்க்கரிசி போட்டோமே தாத்தா, அது மாதிரியா?" என்றான். அது சரியா, தெரியாது. ஆனால் கேள்வி அவனுடையதாகிவிட்டது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பிறகு பெட்டியிலிருந்து என் ஓட்டை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எந்த இடத்துல கிடந்துச்சு? பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டான். பதில் இல்லை. கிடந்த இடத்தை விட்டு எடுத்த அன்றே அது பேச்சை இழந்துவிட்டது. அறுபது வருஷமாக நான் காப்பாற்றி வைத்திருந்தது வெறும் ஓடு.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். பார்க்கட்டும், வரையட்டும், இடத்தைக் குறிக்கட்டும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கட்டும். பழம்பொருள் கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லட்டும். பையில் மட்டும் போட வேண்டாம்.