சாம்பியன்கள் நடத்திய மதுவிடுதிகள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்தார் எவரும் ஒரு மாலைப்பொழுதைக் குத்துச்சண்டை வீரர்களோடு கழிக்க விரும்பினால், அதற்கு அழைப்போ பரிந்துரையோ தேவைப்படவில்லை. பாண்டன் தெருவில் இருந்த யூனியன் ஆர்ம்ஸ் விடுதியின் உரிமையாளர், இங்கிலாந்தின் சாம்பியனாகப் போற்றப்பட்ட டாம் கிரிப். ஹோல்போர்னின் காசில் டேவர்ன் விடுதியைப் பாப் கிரெக்ஸன், டாம் பெல்ச்சர், டாம் ஸ்பிரிங் என்னும் மூன்று வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக நடத்தினர். களத்தை விட்டு விலகியவர் உரிமையாளராக வரவேற்க, இன்னும் களத்தில் நின்றவர் விருந்தினராக வந்தமர, இருவரையும் காண வந்த கூட்டத்தால் விடுதி நிறைந்தது.

இவ்வழக்கம் வேரூன்றியதற்கு முதற்காரணம் சட்டம். அக்காலத்துச் சண்டை, வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் வழியாகத் தமிழர் அறிந்த கையுறைச் சண்டை அன்று. கையுறையின்றி, ஒருவர் தொடர இயலாது வீழும்வரை நீண்ட சண்டை அது. 1743இல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளின்படி ஒருவர் கீழே விழுந்தால் அச்சுற்று முடிந்தது. அரை நிமிடத்துக்குள் அவர் எழுந்து களத்தின் நடுவே வராவிட்டால் தோற்றவரானார். பொது அமைதியைக் குலைக்கும் செயலாக இதைக் கருதிய நீதிபதிகள் தடுக்க முனைந்தமையால், ஒரு மாவட்ட நீதிபதியின் ஆட்கள் வந்தால் அடுத்த மாவட்டத்துக்குள் நழுவிவிடலாம் என்று எல்லையோர இடங்களே களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1811 செப்டம்பரில் கிரிப் தம் பட்டத்தைக் காத்துக்கொண்ட திசில்டன் கேப், மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இடமாகும்.

நிலையான களமோ அலுவலகமோ இல்லாத இவ்விளையாட்டுக்கு மதுவிடுதியே அனைத்துமாக இருந்தது. சவால் விடுத்தவர் எந்த விடுதியில் தம் ஆதரவாளர்களைக் காணலாம் என்பதைப் பத்திரிகையில் அறிவித்தார். அங்கேயே ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடப்பட்டது. இரு தரப்பின் பந்தயப் பணமும் தவணை தவணையாக, பொதுவான ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1822இல் தொடங்கிய பெல்ஸ் லைஃப் இன் லண்டன் என்னும் வார இதழ் இத்தகைய அறிவிப்புகளுக்குப் பெயர்பெற்றது. சண்டை எங்கு நடக்கும் என்ற செய்தி வாய்மொழியாகப் பரவியதும் இவ்விடுதிகளிலிருந்துதான்.

இரண்டாவது காரணம் பிழைப்பு. கிரிப் நிலக்கரி சுமக்கும் தொழிலாளியாக இருந்தவர். வீரர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்ற உழைப்பாளிகளே. அவர்களுக்கு ஓய்வூதியமோ சங்கமோ கிடையாது. ஃபைவ்ஸ் கோர்ட் என்ற அரங்கில், ஒரு வீரரின் நன்மைக்காகப் பிறர் கையுறை அணிந்து காட்சிச் சண்டை நிகழ்த்திக் கட்டணத்தை அவருக்கு அளிக்கும் வழக்கம் இருந்தது. ஆயினும் அது ஒரு நாள் வரவு மட்டுமே. மதுவிடுதியோ, ரத்தம் சிந்தி ஈட்டிய புகழை அன்றாட வருவாயாக மாற்றித் தந்தது. இதை வெறும் வணிகத் தந்திரமாகப் பார்ப்பது அநீதி. உடலைத் தவிர வேறு முதலில்லாத மனிதர்களுக்கு அச்சமூகம் விட்டுவைத்திருந்த மிகச் சில வழிகளில் இது ஒன்று.

பிரபுக்கள் வீரர்களைச் சந்திக்க வேறிடமும் இருந்தது. முன்னாள் சாம்பியன் ஜான் ஜாக்சன் பாண்ட் தெருவில் நடத்திய பயிற்சிக்கூடத்தில் கவிஞர் பைரன் மாணவராக இருந்தார். எனினும் பைரனும் விடுதிக்குச் செல்லத் தயங்கவில்லை. ஜாக்சனுடன் கிரிப்பின் இடத்தில் உணவருந்தியதை 1813 நவம்பர் 24ஆம் நாள் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். 1821இல் வெளிவரத் தொடங்கிய பியர்ஸ் ஈகனின் லைஃப் இன் லண்டன் நூலில், நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவனுக்கு நகரைச் சுற்றிக் காட்டும் நண்பன் அவனைக் கிரிப்பிடம் அறிமுகம் செய்யும் காட்சி, குரூக்ஷாங்க் சகோதரர்களின் ஓவியத்தோடு இடம்பெற்றது. சாம்பியனைக் காண்பது லண்டன் வருகையின் இன்றியமையாத பகுதியாக அதற்குள் ஆகிவிட்டிருந்தது.

இவ்விடுதிகளின் வரலாற்றில் மிகுந்த கவனத்துக்குரியவர் பில் ரிச்மண்ட். அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்து, ஆங்கிலேயப் படைத் தலைவர் ஒருவரால் இங்கிலாந்துக்கு அழைத்துவரப்பட்டு, மரவேலை பழகிப் பின்னர் குத்துச்சண்டையில் இறங்கிய கறுப்பினத்தவர் அவர். 1805இல் கிரிப்பிடம் தோற்ற அவர், லெஸ்டர் சதுக்கத்தருகே ஹார்ஸ் அண்ட் டால்ஃபின் விடுதியைச் சில காலம் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கறுப்பின வீரரான டாம் மொலினோவைக் கிரிப்புக்கு எதிராக ஆயத்தப்படுத்தியவரும் அவரே. 1810 டிசம்பரில் நடந்த முதற்சண்டையில் கூட்டம் களத்துக்குள் புகுந்து மொலினோவுக்கு இழைத்த இடையூறு இன்றளவும் சர்ச்சைக்குரியது; அடுத்த ஆண்டு திசில்டன் கேப்பில் தாடை முறிந்து அவர் தோற்றார். களத்தில் இத்தனை பகை இருந்தும், முதுமையில் ரிச்மண்டும் கிரிப்பும் நெருங்கிய நண்பர்களாயினர். ரிச்மண்ட் 1829 டிசம்பரில் இறப்பதற்கு முந்தைய மாலையை யூனியன் ஆர்ம்ஸிலேயே கழித்தார். நாட்டின் சாம்பியனும் அடிமையாகப் பிறந்தவரும் சமமாக அமர்ந்து பேசிய இடங்கள் அக்கால லண்டனில் மிக அரிது.

இதற்கு ஈடாக விடுதிகள் கேட்ட விலையும் சிறிதன்று. மதுவை விற்றவர்களில் பலரை மதுவே விழுங்கியது. கிரிப் கடன் சுமையால் விடுதியை இழந்து, வூலிச்சில் மகனின் ஆதரவில் வாழ்ந்து 1848இல் மறைந்தார்.

கையுறையைக் கட்டாயமாக்கிய குவீன்ஸ்பரி விதிகள் 1867இல் வெளியானபின் இவ்விளையாட்டு மெல்ல மெல்லச் சட்டத்தின் நிழலுக்குள் வந்தது. 1891இல் கோவென்ட் கார்டனில் தொடங்கிய நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் உறுப்பினர்கள் இரவு உணவு முடித்துச் சண்டையைப் பார்த்தனர். சுற்று நடக்கும்போது வாய் திறக்கக் கூடாதென்பது அங்கு விதி. மாலைப்பொழுது மாறவில்லை, ஆனால் விருந்தளிப்பவர் மாறிவிட்டார்: முன்பு விருந்தோம்பிய வீரர், இப்போது விருந்தினரை மகிழ்விக்க மேடையேற்றப்பட்டவர். விதிகளும் பதக்கங்களும் முறைப்பட்ட இப்புதிய அமைப்பிலேதான் நிறவெறியும் எழுத்தில் ஏறியது. பிரிட்டிஷ் பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமை கறுப்பின வீரர்களுக்குப் பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டு, 1948இல் கறுப்பின வீரரான டிக் டர்பின் அப்பட்டத்தை வென்றபோதே அத்தடை உடைந்தது.