கூத்துக்குப் பாக்கு வைத்த ஊர்கள்

சென்ற பொங்கல் விழாவில் நம் கார் நிறுத்துமிடத்தில் தெருக்கூத்து நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இருபது நிமிடம் என்று பேசி அழைத்தோம். கோலப்போட்டிப் பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டதென்று பாதியிலேயே நிறுத்தச் சொன்னோம். துரியோதனன் வேஷக்காரர் அப்போதுதான் திரையை விலக்கி வெளியே வந்திருந்தார். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து முகம் எழுதிக்கொண்டவர் அவர். அந்தக் குழுவை நாம் தேர்ந்தெடுத்தது ஒரு வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்து. பேசி முடித்தவர்களில் நானும் ஒருவன். நம் மாவட்டத்து ஊர்கள் கூத்துக்கு எப்படி ஆள் பார்த்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு காலத்தில் தேர்வு என்ற பேச்சே இல்லை. குறிப்பிட்ட குடும்பத்துக்குக் குறிப்பிட்ட ஊர்களில் கூத்தாடும் உரிமை இருந்தது. அது கடமையும்கூட. ஊர் வேறு ஆளைக் கூப்பிடாது. கூத்தாடியும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி தானியமாக வரும். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்தை ஆராய்ந்த ஹன்னே டி புரூயின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழையது என்பதற்காக அதைப் புகழ வேண்டியதில்லை. கலைஞருக்குச் சோறு கிடைத்தது, மரியாதை ஊரைப் பொறுத்தது. 20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிடி தளர்ந்து, பணம் பேசி அழைக்கும் வழக்கம் வலுத்தது.

அங்கேதான் ஊர்க்காரர்களின் ரசனைக்கு வேலை வந்தது. பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாக வளர்ந்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஜமாவைப் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊரில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள். யார் கட்டியங்காரன், பெண் வேஷம் யார், முகவீணைக்கு யார், பின்பாட்டு பலமாக இருக்குமா, நாலு மணிக்கும் குரல் நிற்குமா என்றெல்லாம் அலசிவிட்டுத்தான் வாத்தியார் வீட்டுக்குப் போவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு முன்பணம். அதை அவர் வாங்கிவிட்டால் தேதி உறுதி, ரசீது கிடையாது. ஒரு ராத்திரி சொதப்பினால் அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பாக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும். வடக்கத்திப் பாணியா தெற்கத்திப் பாணியா என்ற சண்டை தனி. கிரிக்கெட் ரசிகர்கள் தோற்றுப்போவார்கள்.

செய்யாறு பக்கத்துப் புரிசையின் தம்பிரான் குடும்பம் இந்த உலகத்திலிருந்து வந்ததுதான். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையோடு அவர்களுக்கு நெருங்கிய உறவு. கண்ணப்பத் தம்பிரான் அங்கே நகரத்து நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தார். அவர் நினைவாகப் புரிசையிலேயே நடத்தப்படும் விழாவுக்கு வேறு வட்டாரக் கலைஞர்களும் நவீன நாடகக்காரர்களும் வருகிறார்கள். பாக்குக்குக் காத்திருந்த குடும்பம், இன்று யாரை அழைப்பது என்று தானே முடிவு செய்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2007-இல் சென்னை சங்கமம் வந்தபோது கிராமியக் குழுக்கள் பூங்காவிலும் கடற்கரையிலும் ஆடின. சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023-இல் கலை பண்பாட்டுத் துறை வழியாக ‘நம்ம ஊரு திருவிழா’வாகத் திரும்பியது. ஊதியமும் வெளிச்சமும் கிடைப்பது நல்லதே. ஆனால் பல குழுக்கள் மாறி மாறி ஏறும் மேடையில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம். கரகமும் பறையும் அதற்குள் ஊரை எழுப்பிவிடும். கூத்துக்கு அது திரை விலகும் நேரம். கொஞ்ச நேரத்தை வைத்து ஆள் எடுக்கும்போது குதிக்கிறவர் தெரிவார், நாலு மணிக்குப் பாடுகிறவர் தெரியமாட்டார்.

இந்தப் பொங்கலுக்கும் கலை நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் செயற்குழு பேசிவருகிறது. அதே ஜமாவை மறுபடி அழைக்கலாம் என்பது என் கோரிக்கை. பரிசளிப்பைக் காலையிலேயே முடித்துவிட்டு, இரவு எட்டு மணியிலிருந்து மூன்று மணி நேரமாவது அவர்களுக்கு விட வேண்டும். எந்தக் கதை என்பதை வாத்தியாரே சொல்லட்டும். முன்பணத்தை ஜி-பே செய்யாமல், நாலு பேர் தட்டோடு நேரில் போவோம். இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும்.