2,93,31,86,25,600 (எண்)

2,93,31,86,25,600 என்பது ஓர் உயர் பகு எண். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்று வாசிக்கப்படும். சீனிவாச இராமானுசன் 1915இல் வெளியிட்ட உயர் பகு எண் அட்டவணையில் விடுபட்ட எண் இதுவே.

வரையறை

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுப்பவை அதன் வகுஎண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்களைக் கொண்டது உயர் பகு எண். இவ்வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 எனத் தொடங்குகிறது. பங்கீட்டுக்கு இவை மிக வசதியானவை. பழவேற்காடு ஏரியின் மீனவ ஊர்களில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ போன்ற ஏற்பாட்டில், 12 பேரை 2, 3, 4, 6 எனச் சம குழுக்களாக்கலாம். 13 பேரை அப்படிப் பிரிக்க முடியாது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தம் இலட்சிய நகருக்கு 5040 குடும்பங்களை வகுத்ததும் இக்காரணத்தால்தான்.

பண்புகள்

இதன் பகாக் காரணி வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் (7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2) வகுஎண்களின் எண்ணிக்கை 5040 என வரும். இந்த 5040உம் உயர் பகு எண்ணே. அதன் வகுஎண்கள் 60. அறுபதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4 என இறங்கும்போதும் எல்லாம் உயர் பகு எண்களே. வரிசையில் இதற்கு முன்னுள்ள 2,40,94,02,99,600க்கு 4800 வகுஎண்களும், பின்னுள்ள 3,21,25,37,32,800க்கு 5376 வகுஎண்களும் உண்டு.

வரலாறு

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. உயர் பகு எண்ணின் பகாக் காரணிகள் 2 முதல் இடைவெளியின்றி வரும், அவற்றின் அடுக்குகள் ஏறுவதில்லை, 4, 36 தவிர்த்த மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 என்பவற்றை அதில் நிறுவினார். 1916இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டம் இந்த ஆய்வுக்கானது.

கட்டுரையின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. கடைசி எண் 67,46,32,83,88,800. அது விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. விடுபட்டதையும் சேர்த்தால் அதுவரையிலான உயர் பகு எண்கள் 103.

கழகத்தின் நிதி நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் உண்மையெனக் கொண்டு, வகுஎண்களின் கூட்டுத்தொகைக்கு இராமானுசன் கண்ட மேல்வரம்பு அப்பகுதியில் இருந்தது. 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் அத்தகைய ஒரு வரம்பு பொருந்துவதும் அக்கருதுகோள் உண்மையாக இருப்பதும் ஒன்றே என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கை ராபின் 1984இல் நிறுவினார். அவரும் ழான்-லூயி நிக்கோலாவும் குறிப்புகளுடன் பதிப்பித்த அந்த எஞ்சிய பகுதி, 1997இல் ‘ராமானுஜன் ஜர்னல்’ முதல் தொகுதியில் வெளியானது.