புகைபோக்கியும் குளமும்: அக்கராயனை முன்வைத்துப் பாதரசக் கணக்கு

நிலக்கரி அனல்மின் நிலையங்கள் வெளியிடும் பாதரசத்தைச் சட்டங்கள் பெரும்பாலும் புகைபோக்கியின் வாயிலேயே அளக்கின்றன. ஆனால் மனிதருக்குத் தீங்கு விளைவது அங்கே அல்ல, குளத்து மீனும் நெல்லும் உணவாகும் இடத்திலேயே. எனவே வன்னியின் குளங்களையும் அளவீட்டு இடங்களாக ஏற்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையின் ஒரே நிலக்கரி அனல்மின் நிலையம் நுரைச்சோலையில் உள்ளது. 2011 இல் இயங்கத் தொடங்கிய அதன் கொள்ளளவு இன்று 900 மெகாவாற். ஒரு தொன் நிலக்கரியில் 0.1 கிராம் பாதரசம் என்று கொண்டால், 20 இலட்சம் தொன் எரியும்போது 200 கிலோகிராம் விடுபடும். அதில் ஒரு பகுதி சாம்பலோடு ஒட்டி வடிகளில் தங்கும். ஒட்சியேறிய பாதரசம் நீரில் கரைவதால், கந்தகத்தை நீக்கும் கடல்நீர்க் கழுவலில் அகப்பட்டுக் கடலைச் சேரும். தனிம ஆவி இரண்டுக்கும் தப்பிப் பல மாதங்கள் காற்றில் உலவும்.

சோளகக் காலத்தில் நுரைச்சோலையின் காற்று வடகிழக்கே வன்னிப் பக்கமாக வீசுகிறது. மாரியில் வன்னியிலுள்ள அக்கராயன் குளத்தை நிரப்பும் மழையோ வாடையோடு வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. இந்தியக் கிழக்குக் கரையின் அனல்மின் நிலையங்களைத் தொட்ட வளியும் அதில் கலக்கக்கூடும். ஆகவே இது ஒரு நாட்டின் கணக்கு மட்டுமல்ல. அனல்மின் நிலையப் புகையில் பாதரசத்துக்கான வரம்பை, கன மீற்றருக்கு 0.03 மில்லிகிராம் என, இந்தியா 2015 இல் விதித்தது; அதுவும் புகைபோக்கியில் அளக்கும் வரம்பே.

வந்து படியும் அளவு சிறிதாயினும் குளம் பாதரசத்தின் இயல்பை மாற்றிவிடுகிறது. கோடையில் நீர் வற்ற, வெடித்த சேற்றிலுள்ள சல்பைட்டுகள் காற்றுப்பட்டு சல்பேற்றாகின்றன. ஐப்பசி மழையில் அச்சேறு மீண்டும் மூழ்கும்போது, சல்பேற்றைக் கொண்டு வாழும் பற்றீரியாக்கள் பெருகிப் பாதரசத்தை மீதைல் பாதரசமாக்குகின்றன. பாசியிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து விராலுக்கும் அது படிப்படியாகச் செறிவடைகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையையும் தாக்கவல்லது. நீர் நிற்கும் வயலும் இவ்வாறே செயற்படும். சீனாவின் குய்சோ மாகாணத்துப் பாதரசச் சுரங்கப் பகுதியில் நெல்மணியிலேயே மீதைல் பாதரசம் கண்டறியப்பட்டது.

குளத்து மீன்பிடியில் பெருமளவு திலாப்பியாதான், அது பாசியுண்ணி, ஆகவே அச்சம் வேண்டாம் என்று வாதிடலாம். திலாப்பியாவைப் பொறுத்தவரை அது நியாயமான வாதமே. ஆனால் அதே குளத்தில் பிடிபடும் விரால் ஊனுண்ணி. ஒரு மீனை வைத்து மற்றதற்குத் தீர்ப்புச் சொல்லமுடியாது.

2017 இல் பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் தரப்பான இலங்கை, ஏற்கெனவே இயங்கும் நிலையங்களின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கையைப் பத்தாண்டுக்குள், அதாவது 2027 க்குள், நடைமுறைப்படுத்தக் கடமைப்பட்டது. அதனோடு இணைத்து, குளம் வற்றியிருக்கையிலும் முதல் மழையிலும் தை மாதத்திலுமாக அக்கராயன் குளத்தின் சேறு, விரால், பெரும்போக நெல் ஆகியவற்றைப் பரிசோதிக்கவேண்டும். கலையாத ஆழ்படைச் சேறு 2011 க்கு முந்திய நிலைக்கு ஒப்பீட்டு அளவாகும். மின்சாரம் நாடு முழுவதற்கும் பயன்படுகிறது. அதன் கழிவு எந்தக் குடும்பத்தின் உணவில் சேர்கிறது என்று அளந்து சொல்வதும் அந்த உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படவேண்டும்.