கையொப்பமும் மூன்றாவது பதிலும்

கையொப்பம் பற்றிய சொல்லாடல்கள் எல்லாமே ஒப்பமிடுபவரைப் பற்றியவை. கைநாட்டு, முத்திரை, மோதிரம் என்று அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சரிபார்ப்பவர் யார், அவரால் சரிபார்க்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற மறையாக்க நூலகத்தின் பழைய பிழையொன்றைப் படித்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. (நூலகம் என்றதும் அலமாரியைத் தேட வேண்டாம். மற்ற நிரல்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அவ்வளவுதான்.)

1976இல் டிஃபியும் ஹெல்மனும், ஒரு சாவியை ஒளித்துவைத்துக்கொண்டு அதன் ஜோடியை ஊருக்கே கொடுத்துவிடலாம் என்று எழுதினார்கள். மறுவருஷம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்குக் கணித வழி கண்டார்கள். ஒளித்த சாவியால் ஒப்பமிடலாம். பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ போய் நிற்கவேண்டாம் என்கிற கனவு இதில் இருந்தது. அதிகாரம் இதை லேசில் விடவில்லை. பிரிட்டிஷ் உளவு அமைப்பில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே இதே வழியைக் கண்டிருந்தும் 1997வரை அது ரகசியமாகவே கிடந்தது. அமெரிக்காவில் 1991இல் பிஜிபியை வெளியிட்ட ஃபில் ஸிம்மர்மன்மீது ஆயுத ஏற்றுமதி விதிகளின்பேரில் விசாரணை நடந்தது. 1996இல் வழக்கு ஏதுமில்லாமல் கைவிட்டார்கள். இடையில், 1995இல், அதன் மூலநிரல் முழுவதும் புத்தகமாக அச்சாகிவிட்டது. காகிதத்தை ஆயுதம் என்று சொல்வது கஷ்டம் இல்லையா?

சரி, பிழைக்கு வருகிறேன். ஒப்பத்தைச் சரிபார்க்கும் செயல்கூறு மூன்று பதில் தரும். ஒப்பம் சரி என்றால் 1. தப்பு என்றால் 0. சரிபார்ப்பதே முடியாமல் போச்சு என்றால் -1. கையேட்டிலும் இப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் சி மொழியில் பூஜ்யம் தவிர எந்த எண்ணும் 'ஆம்'தான். 'பூஜ்யமா?' என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிற நிரலுக்கு, 'எனக்குத் தெரியவில்லை' என்பது 'சரி' என்றே கேட்கும். அப்புறம் கள்ளக் கையெழுத்து எதற்கு? டிஎஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ வகைச் சாவிகளில், உருக்குலைந்த ஒப்பம் ஒன்றை அனுப்பினாலே போதும். ஒழுங்காகப் பொய் சொன்னவன் மாட்டிக்கொள்வான், உளறியவன் உள்ளே போய்விடுவான்.

2009 ஜனவரியில் இது அம்பலமானது. வேடிக்கை என்னவென்றால், நூலகமே தன் செயல்கூற்றைத் தானே கூப்பிட்ட இடத்தில்தான் பதிலைத் தப்பாகப் படித்திருந்தது. பைண்ட், என்டிபி போன்ற மென்பொருள்களிலும் இதே வகைத் தவறு. மூலநிரல் எல்லோர் கண்முன்னும்தான் இருந்தது. எவரும் சரிபார்க்கலாம் என்பதை, எவரோ சரிபார்த்திருப்பார் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

திருத்தம் ரொம்பச் சின்னது. 'பூஜ்யம் என்றால்' என்றிருந்த இடங்களில் 'பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால்' என்று மாற்றினார்கள். படித்துமுடித்த கையோடு என் பழைய நிரல்களைத் தோண்டினேன். இரண்டு இடத்தில் நானும் பூஜ்யத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன்.